நாளைக்கு வென்ற பதக்கம்

செய்தித்தாள் நடத்துகிறவருக்குத் தன்னைப் பற்றித் தானே எழுதும் உரிமையைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மானம் கப்பலேறிவிடும். என்னுடைய மானம் கொழும்புத் துறைமுகத்திலேயே ஏறியது.

யுத்த காலம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஜூடோ கழகம் இருந்தது. வெள்ளவத்தை, மட்டக்குளி, நீர்கொழும்பு என்று சுற்றுவட்டாரத்தில் ஜூடோ பழகுகிற எல்லோருக்குமாக ரோனியோ என்ற நகலெடுக்கும் மெஷினில் ஒற்றைத் தாள் ஒன்று அடித்து அனுப்புவோம். எந்த மண்டபத்தில் ஆமி வந்து தங்கியிருக்கிறது, எந்தப் பாதையை மூடியிருக்கிறது, எந்தக் கிழமை பயிற்சி இல்லை என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் தெரியும். ஆசிரியர், நிருபர், மை பூசுபவர் எல்லாமே நான்தான். (சம்பளம் கிடையாது. தலைக்கனம் நிறைய.) தமிழ்த் தாள் கட்டோடு சோதனைச்சாவடியைத் தாண்டுவது லேசில்லை என்பதால் தலைப்புச் செய்தியைச் சிங்களத்திலும் போடுவோம்.

ரோனியோ மெஷின், எங்களுக்கு ஜூடோ பழக்கிய மாஸ்டரின் நண்பர் ஒருவர் வேலை பார்த்த கந்தோரில் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் தருவார். அந்தமுறை சுற்றுப்போட்டி ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வெள்ளி வரை பொறுத்தால் செய்தி ஊசிப்போய்விடும். எனவே முடிவை முன்கூட்டியே எழுதி அடித்துவிட்டேன்: "இறுதிப் போட்டியில் எமது வீராங்கனை தனக்கே உரிய தோள் வீச்சினால் எதிரியை நொடிப்பொழுதில் வீழ்த்தினார். மண்டபம் அதிர்ந்தது." எமது வீராங்கனை நான். அதுவரை நான் வாங்கியிருந்த ஒரே பதக்கம் வெண்கலம். அந்தப் பிரிவில் போட்டியிட்டதே மூன்று பேர்.

தோற்றால் கட்டோடு கிழித்துப் போடுவது என்பது திட்டம். தாள் கட்டை வழக்கம்போல அன்ரன் அண்ணையின் கொமியூனிகேஷன் கடையில், ஆட்கள் தொலைபேசி எடுக்க வருகிற இடத்தில், வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவரும் எங்கள் கழகத்து ஆள், தாளை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பவர். தாள் கையில் கிடைத்த உடனே கொடுத்துவிட வேண்டும், நாளைக்கு ஊரடங்கு வந்தாலும் வரும் என்பது கழகத்தின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவளும் நான்தான். ஞாயிறு வரை பொறுங்கோ என்று அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அம்மா தாளும் கையுமாக வந்தா. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

"பிள்ளை, நீ வெண்டிட்டியாம். மேல்வீட்டு ஆக்களுக்குக் கேசரியும் குடுத்திட்டன். ஆனா நேற்று நீ தாள் அடிக்கத்தானே போனனி, எப்ப போய் வெண்டனி?"

"நாளைக்கு" என்றேன்.

பின்னேரம் மாஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாளைக்கு நீ தோத்தா இந்தத் தாளை நிப்பாட்டிப் போடுவன். நீ வெண்டது பொய்யெண்டா, பாதை பூட்டெண்டு நாங்கள் எழுதுறதை ஆர் நம்புவினம்? ஆரும் நம்பாமல் வந்து மாட்டுப்பட்டா?"

அப்போதுதான் எனக்கு விசயம் உறைத்தது. பதக்கம் போனால் போகட்டும், தாள் நிற்கக்கூடாது. அந்தத் தாளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஞாயிறு காலை உடல் நிறை பார்க்கும் இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்டியிலிருந்து வந்திருந்த நிலூகா கையில் தாள். போன வருடச் சம்பியன் அவள்தான். என்னிடம் வந்து மிக மரியாதையாகக் கேட்டாள்.

"நங்கி, மம பெரதிலாத?"

தங்கச்சி, நான் தோற்றுவிட்டேனா என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நிமிடம் மறந்துபோயிற்று.

போட்டி தொடங்கிய பிறகுதான் ஒரு விசயம் விளங்கியது. எல்லோரும் செய்தியைக் கவனமாக வாசித்திருந்தார்கள். என்னுடைய ஆயுதம் தோள் வீச்சு என்று நானே அச்சடித்துக் கொடுத்திருந்தேன் அல்லவா, அதற்குத் தப்ப ஒவ்வொருத்தியும் பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டே நின்றாள். பின்னால் சாய்கிற ஆளைத் தோளுக்கு மேலால் எறிய முடியாது. ஆனால் காலைக் கொளுவிப் பின்னுக்குத் தள்ளுவது லேசு. முதல் ஆள் அப்படித்தான் விழுந்தாள். அடுத்தவளும் அப்படியே. (எனக்கு உண்மையில் தோள் வீச்சு சரியாக வராது. எழுத நன்றாக இருந்தது.)

இறுதிப் போட்டியில் நிலூகா. நான் பயத்தில் தோளைக் கொடுப்பதுபோல ஒருதரம் திரும்பினேன். அவள் தடாரென்று பின்னால் சாய்ந்தாள். என் கால் அவளுடைய குதிக்காலுக்குப் பின்னால் போனது. இரண்டு பேரும் விழுந்தோம், ஆனால் முதுகு தட்டியது அவளுக்கு. நடுவர் கையை நேரே மேலே தூக்கினார். முழுப்புள்ளி, ஆட்டம் முடிந்தது. நான் பாயிலேயே இருந்து அழுதேன். அவ்வளவு சந்தோசம் அதற்குப் பிறகு என் கலியாணத்தன்றுகூட வரவில்லை.

நிலூகா கை கொடுத்து எழுப்பிவிட்டாள். "தோள் எண்டுதானே போட்டிருந்தனீர்?" என்று சிங்களத்தில் முறைப்பாடு வேறு.

மாஸ்டர் பதக்கத்தைப் பார்க்கவே இல்லை. "அடுத்த கிழமைத் தாளில திருத்தம் போடு" என்றார். போட்டேன், சிங்களத்திலும்: "தோள் வீச்சு என்பதைக் கால் வீச்சு என்று திருத்தி வாசிக்கவும். ஏனையவை சரி."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மகள் பள்ளிக்கூடச் சோதனையை நன்றாக எழுதியதாகச் சொன்னால், என் மனுசன் நிமிர்ந்து பார்ப்பார்.

"இது நடந்ததோ, இல்லாட்டி அம்மான்ர பேப்பரில வந்ததோ?"

"அம்மான்ர பேப்பரில வந்தா நடக்கும்" என்பேன் நான்.