முனியாண்டிக்கு நேர்ந்த ஆடு எந்தப் பட்டியலில்?

ரிங்லெட்,
14.8.1978

அன்புள்ள மச்சான் சாம்பசிவம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன் சிவசாமி கங்காணி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் செல்லம்மாவும் மகள் அம்சவல்லியும் பேரனும் முனியாண்டி புண்ணியத்தில் நலம். அவ்விடத்து நலத்தைக் கேட்பானேன், கோலாலம்பூரில் காட்டு விலங்கு இலாகாவில் உட்கார்ந்து கணக்கெழுதுகிற கிராணிக்குக் குளிரா, அட்டைக் கடியா? குறையெல்லாம் எனக்குத்தான், அதுவும் உங்கள் இலாகாவால்.

பேரன் பிறந்ததும் மூச்சில்லாமல் கிடந்தபோது நான் முனியாண்டிக்குக் கறுப்புக் கிடாய் நேர்ந்துகொண்டது உங்களுக்குத் தெரியும். குட்டியாக வாங்கிக் கருப்பன் என்று பேர் வைத்து வளர்த்தேன். வெட்டத்தான் வளர்த்தேன், பாசம் கீசமெல்லாம் கிடையாது. பேரன் கடித்துப்போட்ட ரொட்டியைத் தின்பான், குளிர் கூடினால் அடுப்படியில் படுப்பான், அவ்வளவுதான். பூசைக்கு முந்தின நாள் பயல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மறுநாள் விடிகாலைப் பனியில் தேடிப் போனால், பீன்ஸ் தோட்டத்து வலையில் கால் சிக்கிக் கறுப்பாக ஒன்று நிற்கிறது. கட்டி இழுத்து வந்தேன், வழியெல்லாம் என்னை முட்டித் தள்ளியது. "என்னங்க, கொம்பு வேற மாதிரி இருக்கு, பிடரியில மசுரு வேற முளைச்சிருக்கு"ன்னு செல்லம்மா கேட்டாள். முனியாண்டி மகிமைடி, வாயை மூடுன்னு சொல்லிட்டேன்.

மாலை போட்டாச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு. ஆடு உடம்பை உதறினால்தானே சாமி உத்தரவு? இது உதறலை. பூசாரி இருளப்பன் குடம் குடமாய் ஊத்துறான், ஆடு அவனையே முறைச்சுப் பார்க்குது, சுத்தி நிக்கிற சனம்தான் குளிரில் உதறுது. அந்த நேரம் பார்த்து உங்க ரேஞ்சர் வந்து இறங்கினார். எந்த லோரிக்காரன் போய்ச் சொன்னானோ! "பாக்சிக், பெரியவரே, இது கம்பிங் குருன் லா! காட்டாடு! தொடவே கூடாது!" என்றார். லைசென்ஸ் எடுத்துச் சுடலாம் என்று ஒரு பட்டியலாம். கொஞ்சமாக மிச்சமிருந்து அழிந்துபோகிற நிலையில் உள்ளதற்கு இன்னொரு பட்டியலாம், அதற்கு லைசென்ஸே கிடையாதாம். இது அந்த இரண்டாவது.

நான் விடுவேனா? "தம்பி, உங்க சட்டம் பொஸ்தகத்தைப் பார்த்துச் சொல்லுது, எங்க சட்டம் ஆட்டையே கேக்குது, எது ஒசத்தி?"ன்னு கேட்டேன். மச்சான், முப்பது வருஷமாய் இந்த மலையில் தேயிலைக்காட்டில் கிடக்கிற எனக்கு இன்னும் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிதான், நேத்து வேலி தாண்டி வந்த ஆட்டுக்குப் பூரணப் பாதுகாப்பு! மரவள்ளியைத் தோண்டித் தின்கிற காட்டுப்பன்னி எந்தப் பட்டியல்? அதை ஒழிய விடுங்களேன், யார் வேண்டாம்னா?

ரேஞ்சர் கூண்டு கொண்டுவரத் தாப்பாவுக்குப் போயிருக்கிறார். ஆடு நம்ம குளிக்கிற கொட்டகையில்தான் இருக்கு, வீட்டில் யாரும் குளிக்கலை. துரையே வந்தாலும் கயிற்றை விட மாட்டேன். சாமிக்குச் சொன்ன சொல்லு, பேரன் உயிரு. ஆகவே அந்த ஆட்டை ஒரே ஒரு நாளைக்கு மட்டும் முதல் பட்டியலுக்கு மாற்றித் தரவும். முடியாது என்றால் இனி தீபாவளிக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. முனியாண்டி உங்கள் இலாகாவையும் சேர்த்தே காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சட்டத்துக்குத் தலை வணங்காத
சிவசாமி

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடவும். ரேஞ்சர் வந்து காட்டாட்டைக் கொண்டுபோய்விட்டார், கூண்டில் ஏற்ற அதன் காலைப் பிடித்ததே நான்தான். சாயந்திரம் வாயில் கோஸ் இலையோடு நம்ம கருப்பன் திரும்பி வந்துட்டான். இருளப்பன் ஒரே ஒரு சொம்புதான் ஊத்தினான், முட்டாப் பயல் உடனே உதறிட்டான். உத்தரவாயிருச்சுன்னு அரிவாளை எடுத்தாங்க. பேரன் கருப்பன் காதைப் பிடிச்சுக்கிட்டு விடலை. குளிருக்கு உதறியிருப்பான், அடுத்த ஞாயிறு பார்க்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். மச்சான், கருப்பன் பேரையும் அந்த இரண்டாவது பட்டியலில் சேர்த்து, முனியாண்டி பார்வைக்கு என்று ஒரு கடிதம் முத்திரையோடு சனிக்கிழமைக்குள் அனுப்பவும். சர்க்கார் சட்டம்னா சாமியும் கோவிச்சுக்காது. கணக்குப் பார்த்தாலும் நியாயம்தான். காட்டாடு காட்டுக்குள் இன்னும் கொஞ்சமாவது இருக்கும். கருப்பன் ஒருத்தன்தான் இருக்கான்.