குழாயை மூடாத குற்றம்

மேல்வீட்டுக்காரரோடு சண்டை போடலாம், முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம், அவர் வீட்டுப் பூனையைக்கூடத் திட்டலாம். வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் மறுநாள் மாடிப்படியில் யார் யாருக்கு ஒதுங்குவது என்று தெரியாமல் போய்விடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு பழைய ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் அம்மா, தங்கை வசு, நான். அப்பா காலமாகிவிட்டார். மேலே ராமநாதன் மாமாவும் மாமியும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. வசுவைத்தான் குழந்தையாக வைத்திருந்தார்கள். அவள் கல்யாணம் நிச்சயமானதும், அந்தத் தம்பதிதான் கன்னிகாதானம் செய்வது என்று முடிவாயிற்று. (எங்கள் கோத்திரமே வேறு. மாமா எங்கிருந்தோ சாஸ்திரிகளைப் பிடித்து வந்து ‘பரவாயில்லை’ சொல்ல வைத்துவிட்டார்!) புது வேஷ்டியைக் கட்டிக்கொண்டு மாமா மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்ததாக மாமி சொல்லிச் சிரித்தாள்.

மெட்ராஸில் அப்போது தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குழாயைத் திறந்து, கீழே பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிடுவோம். சத்தம் கேட்டால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் மாமாவும் மாமியும் திருவல்லிக்கேணி கோவிலுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் பத்திரிகை வைக்கப் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்து, மேலே குடம் நிரம்பி வழிந்திருக்கிறது. திரும்பி வந்தால், எங்கள் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. சுவாமி முன்னால் அம்மா வைத்திருந்த முகூர்த்தப் புடவையில் சுண்ணாம்புத் தண்ணீர். அரக்குச் சாயம் ஜரிகையில் ஏறிவிட்டது.

மாமா ஓடி வந்தார். “எல்லாரும்தான்டா குழாயைத் திறந்து வெக்கறோம். போறாத வேளை” என்று அசட்டுத்தனமாகச் சிரித்தார். வருத்தத்தில் வந்த சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் சட்டப் புத்தகத்தின் அட்டையை மட்டும் பார்த்த மேதை. ஆபீசில் யாரோ ஏற்றிவிட, நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினேன். அதே மாடிப்படியில் தபால்காரர் மேலே போனதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா வந்து தாரை வார்த்தார். மணையில் உட்கார்ந்தபிறகு என் காதில், “பொண்ணு பேர் என்னடா?” என்றார்.

நோட்டீஸ் வழக்காகிவிட்டது. பாரிமுனையில், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் காஸ் கோர்ட்டில். மயிலாப்பூரிலிருந்து அங்கே போக வசதியான பஸ் ஒன்றுதான். வாதியும் பிரதிவாதியும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி போவோம். என் தரப்பில் முக்கிய சாட்சி அம்மா. மாமா வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தானே எழுந்து குறுக்கு விசாரணை செய்தார்.

“மன்னி, உங்காத்துல குழாயை மூடி வெப்பேளா?”

“மூடினா தண்ணி வரது எப்படித் தெரியும்?”

“அன்னிக்கு?”

“அன்னிக்கும் திறந்துதான் இருந்தது. எங்களுக்குக் கீழ ஆத்துல யாரும் இல்லை. இருந்தா, அவாளும் எங்க மேல கேஸ் போட்டிருப்பா.”

கோர்ட்டே சிரித்தது. அம்மா அதோடு நிறுத்தவில்லை. “அண்ணா, இப்படி இளைச்சுப் போய்ட்டேளே! மாமிக்குக் கால்வலி தேவலையா?”

“அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார் நீதிபதி. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார். வழக்கு தள்ளுபடி.

“இன்னா சார், உங்க சாட்சியே உங்கள கவுத்துட்டாங்களே!” என்றார் வக்கீல் குமாஸ்தா.

வெளியே பஸ் ஸ்டாப்பில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டியிருந்தது. மாமாதான் முதலில் பேசினார். “புடவைப் பணத்தைப் பாங்கிலேர்ந்து எடுத்துண்டு வந்து வெச்சிருந்தேன்டா. கொடுக்கறதுக்குள்ள நோட்டீஸ் வந்துடுத்து.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “அது போனாப் போறது. வசுவைத் தாரை வார்க்க விடாமப் பண்ணிட்டியேடா.”

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்ததில் வருவதாகச் சொன்னார்.

சில மாதங்களில் அவர்கள் வேளச்சேரிக்குக் குடிபோனார்கள். போய்ப் பார்க்க வேண்டும், போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோதே மாமா போய்விட்டார்.

இன்றும் யார் வீட்டில் குழாய் சொட்டினாலும் வசு விடமாட்டாள். “அண்ணா, மூடறியா? இல்ல நோட்டீஸ் அனுப்பட்டுமா?” குடும்பமே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஆனால் கல்யாண ஆல்பத்தை யாருக்காவது காட்டும்போது, தாரை வார்க்கிற படம் வரும் இடத்தில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள்.