இந்த மாதக் கல்

“கல்லைக் காணோம்” என்றார் செயலாளர்.

அவருடைய வீட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். புத்தக அலமாரியில் கல், டிவிக்குப் பின்னால் கல், மாடிப்படியில் படிக்கு ஒன்று வீதம் கல். நாற்பது வருடம் நிலவியல் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற அன்று, மற்றவர்களைப் போல ஒரு சுவர்க்கடிகாரத்தோடு அவர் வீடு திரும்பவில்லை. ஒரு சின்ன லாரியோடு திரும்பினார்.

“எந்தக் கல்லு?” என்று சமையலறையிலிருந்தே கேட்டாள் மனைவி.

“சங்கத்துக் கல்லு. சாம்பல் நிறமா, கைக்கு அடக்கமா, செவப்புப் புள்ளி போட்டு இருக்குமே. ஜன்னல்ல வெச்சிருந்தேன்.”

“அதுவா? வாஷிங் மெஷினுக்கு அடியில இருக்கு.”

“அங்க எப்படிப் போச்சு?”

“நடந்து போச்சு! மெஷினுக்கு ஒரு கால் ஒடஞ்சிருக்கு, முட்டுக் குடுக்க ஏதாவது குடுங்கம்மான்னு மெக்கானிக் கேட்டார். இந்த வீட்டுல குடுக்கறதுக்குக் கல்லை விட்டா வேற என்ன இருக்கு?”

மணி நாலு ஆகப்போகிறது. ஐந்து மணிக்குக் கூட்டம்.

வட்டார நிலவியலாளர் சங்கத்தின் மாதக் கூட்டம் நூலகத்தின் மாடியறையில் நடக்கும். செயலாளர் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். அறைச் சாவியை வாங்குவது, நாற்காலி போடுவது, எல்லோருக்கும் போன் செய்து ‘வர்றீங்கதானே?’ என்று கெஞ்சுவது, முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி வைப்பது, இவ்வளவுதான். பதினொரு வருடமாக வேறு யாரும் இதற்குப் போட்டிக்கு வரவில்லை.

கூட்டத்தின் முடிவில் ‘இந்த மாதக் கல்’ என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. செயலாளர் ஒரு கல்லை மேஜைமேல் வைப்பார். அது என்ன கல் என்று யாராவது சொல்ல வேண்டும். யாராவது என்றால் தலைவர். அவர் கல்லை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, நாக்கால் ஒரு நக்கு நக்குவார். ஈரம் பட்டால் கல்லின் நிறமும் மணிகளும் பளிச்சென்று தெரியும். அந்தத் தொழிலில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நக்கிய கையோடு பெயரையும் சொல்லிவிடுவார்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் செயலாளர் கார்னெட் சிஸ்ட் என்ற கல்லை வைத்தார். ஏடு ஏடாக அடுக்கிய சாம்பல் கல். உள்ளே மாதுளை முத்து போலச் சிவப்பு மணிகள். கல்லூரியில் முதல் வருடம் படிப்பவருக்குக்கூடத் தெரியும். தலைவர் அதைக் கண்ணருகே கொண்டு போனார், தள்ளிப் பிடித்தார், “மணற்கல்” என்றார்.

அறையில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. தலைவர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கல்லை மெல்ல மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று செயலாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருடம் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் தின்று, ஒரே பாம்புக்குப் பயந்து ஓடிய நண்பர். அவருக்கு மறதி வந்துவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டால்? அவர் வராத சங்கம் செயலாளருக்கு வேண்டவே வேண்டாம்.

ஆகவே அடுத்த மாதமும் அதே கல்லையே எடுத்துப் போனார். முன்கூட்டியே ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். “தலைவர் சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் தெறக்காதீங்க. சொன்னதும் நல்லாக் கை தட்டுங்க.”

தலைவர் கல்லைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்து நக்கினார். “கார்னெட் சிஸ்ட்” என்றார். கைத்தட்டலில் அவர் முகம் கனிந்துபோனது. அதைப் பார்த்த பிறகு கல்லை மாற்றச் செயலாளருக்கு மனம் வரவில்லை. வேறு ஒன்றை வைத்து அவர் மறுபடி தடுமாறிவிட்டால்? பதினெட்டு மாதமாக அதே கல்தான்.

அதிசயம் என்னவென்றால், அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வருகை கூடியது. முன்பெல்லாம் ஐந்து பேர் வந்தால் அதிகம். இப்போது பதினான்கு பேரும் தவறாமல் வந்தார்கள். போன் செய்தால், “தெரியும் தெரியும், நாங்க பாத்துக்கறோம். நீங்க பத்திரமா வந்து சேருங்க” என்றார்கள். உலகத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று செயலாளர் நெகிழ்ந்துபோவார்.

அந்தக் கல்தான் இப்போது வாஷிங் மெஷினுக்கு அடியில் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“நாப்பது நிமிஷம் பொறுங்க” என்றாள் மனைவி. “திரைச்சீலை எல்லாம் ஊறப் போட்டுத் துவைக்கறேன்.”

“அவ்வளவு நேரம் இல்ல. இன்னொரு கல்லை வெச்சுட்டு அதை எடுத்துக்கறேன். மலையிலேர்ந்தே பேத்தவன் நான், இது ஒரு வேலையா?”

கடப்பாரையால் மெஷினை லேசாக நெம்பினார். கல்லை உருவினார். மாற்றுக் கல்லைக் காலால் தள்ளினார். சரியாக அந்த நேரம் பார்த்து மெஷின் துணி பிழியும் கட்டத்துக்கு வந்தது. மாற்றுக் கல் ஒரு பக்கம் தெறித்தது. மூன்று காலில் நின்ற மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டே வாசலை நோக்கிக் கிளம்பியது. செயலாளர் பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தார். அது அவரையும் கூட்டிக்கொண்டு நடந்தது. பின்னாலிருந்த குழாய் பிடுங்கிக்கொண்டு, நுரைத் தண்ணீர் கூடம்வரை பாய்ந்தது.

மனைவி வந்து பார்த்தாள். “என்னங்க பண்றீங்க?”

“ஓடாமப் பிடிச்சிட்டிருக்கேன்!”

“சுவிட்ச்சை அணைச்சா அதுவே நின்னுடும்” என்று அணைத்தாள்.

மெஷின் நின்றது. செயலாளர் கையிலிருந்த கல்லைக் காணவில்லை. அது தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஏடு ஏடாக இருக்கும் கல் ஏட்டோடு பிளப்பதுதான் முறை. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

“பசை போட்டு ஒட்டிடலாம்” என்றார்.

ஒட்டினார். மிக நல்ல பசை. கல்லின் இரண்டு பாதிகளும், அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே குடும்பமாயின. மனைவி வெந்நீர் கொண்டுவந்து, அவர் கையைத் தன் மடியில் வைத்து, பொறுமையாக விடுவித்தாள். விரல்கள் பிரிந்தன. கல்லும் பிரிந்தது.

மணி நாலேகால். செயலாளர் அலமாரியைக் கலைத்து, அதே அளவில் ஒரு சாம்பல் கல்லைக் கண்டெடுத்தார். எல்லாம் சரி, சிவப்பு மணிகள்தான் இல்லை. அவர் பார்வை கண்ணாடி மேஜைப் பக்கம் போனது. அங்கே மனைவியின் தங்கை வாங்கிக் கொடுத்த சிவப்பு நெயில் பாலிஷ் திறக்கப்படாமல் இருந்தது.

முதல் புள்ளி கோணலாக விழுந்தது. பத்தாவது புள்ளியில் ரசனையே வந்துவிட்டது.

வாசற்படியில் நின்று மனைவி இதைப் பார்த்தாள். “முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் என் நகத்துக்குப் பூசி விட்டிருக்கீங்களா? கல்லுக்குப் பூசறீங்க.”

“அவருக்காகத்தான். கல்லு மாறிப்போனா அவர் கலங்கிடுவாரு. அப்புறம் வரவே மாட்டாரு.”

மனைவி அவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு, “ஊதிக்கிட்டே போங்க, காஞ்சுடும்” என்றாள்.

பஸ் முழுக்க ஊதிக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

மாடியறையில் பதினான்கு பேரும் கூடியிருந்தார்கள். நாற்காலிகளைக்கூட அவர்களே போட்டிருந்தார்கள். கிணறு தோண்ட இடம் பார்த்துச் சொல்பவர் ஓடிவந்து செயலாளரின் பையை வாங்கிக்கொண்டார். தலைவர் அவர் தோளைத் தொட்டு, “வழி சரியாத் தெரிஞ்சுதா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சுது தலைவரே.”

“சாப்பிட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

மாதாமாதம் இதே கேள்விதான். அடுத்து என்ன வரும் என்றும் செயலாளருக்குத் தெரியும். தலைவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். “என்னோட போன் நம்பர். எப்பவும் பையில வெச்சுக்கங்க.” இது பதினெட்டாவது சீட்டு. போன மாதம் கொடுத்ததே மனிதருக்கு ஞாபகம் இல்லை. செயலாளர் கண்ணீரை அடக்கிக்கொண்டு வாங்கிப் பையில் போட்டார்.

பேச்சு, விவாதம் எல்லாம் முடிந்தன. செயலாளர் கல்லை மேஜைமேல் வைத்தார். கல்லூரிப் பேராசிரியை மூக்கைச் சுருக்கினார். “ஏதோ வாசனை வருதே, நெயில்...” என்று ஆரம்பித்து, கல்லைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார்.

தலைவர் கல்லைக் கையில் எடுத்தார். அப்போதுதான் செயலாளருக்கு உறைத்தது. நக்குவாரே!

“தலைவரே, இன்னிக்கு நக்க வேணாம். ஒரே தூசி.”

“இருபது வருஷம் நாம ரெண்டு பேரும் தூசியைத்தானே தின்னோம்?”

“தொடைச்சுத் தரேன்...”

நக்கிவிட்டார்.

நாக்கின் நுனியில் சிவப்பு. மீசையின் ஓரத்தில் சிவப்பு. செயலாளருக்கு உயிர் போய் உயிர் வந்தது. தலைவர் கண்ணை மூடித் திறந்தார். லென்ஸை எடுத்துக் கல்லை உற்றுப் பார்த்தார். தூரிகை இழுத்த தடம் அதில் எத்தனை பெரிதாகத் தெரிந்திருக்கும்! பிறகு தலைவர் லென்ஸை இறக்கிச் செயலாளரையே வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பாவம், பெயர் வரவில்லை, தவிக்கிறார் என்று செயலாளர் தானும் தவித்தார்.

“கார்னெட் சிஸ்ட்” என்றார் தலைவர். “அருமையான கல்லு. எங்கதான் பிடிக்கறீங்களோ!”

அறை அதிரக் கைத்தட்டல். கிணற்றுக்காரர் எழுந்து நின்று தட்டினார். பேராசிரியை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

இருவரும் கைகோத்தபடி படி இறங்கினார்கள். யார் யாரைத் தாங்கி வருகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. தலைவரை அழைத்துப்போக அவருடைய மகள் கீழே காரோடு காத்திருந்தாள். செயலாளர் அவரைக் காருக்குள் உட்காரவைத்துவிட்டு, மேலே விட்டுவந்த பையை எடுக்கத் திரும்பினார். “பையை மறந்துட்டீங்களா?” என்று தலைவர் கவலையோடு கேட்டது காதில் விழுந்தது. மறதியைப் பற்றி யார் பேசுவது என்று செயலாளர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பாரம் இறங்கிய சிரிப்பு. இன்னும் ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை.

பையோடு திரும்பி இறங்கும்போது, படி வளைவில் மனைவியின் குரல் கேட்டு நின்றார். மனைவி இங்கே எப்படி? எட்டிப் பார்த்தார். புடவை ஓரம் இன்னும் நனைந்திருக்க, அவள் கையில் அந்தப் பழைய கல். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து நூலால் இறுகக் கட்டியிருந்தாள். கூட்டம் முடிவதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்று ஓடிவந்திருக்கிறாள். செயலாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாளைக்கே அவள் பத்து விரலுக்கும் தானே பூசிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

காருக்குள் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கைக்குட்டையால் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் காருக்கு வெளியே நின்றாள்.

“அப்பாவுக்கு இப்ப ஞாபகம் எப்படிம்மா இருக்கு?” என்று மனைவி தணிந்த குரலில் கேட்டாள்.

“அப்பாவுக்கா?” மகள் சிரித்தாள். “எங்க ஸ்கூல் பஸ் நம்பரையே இன்னும் சொல்வார். ஒரு தடவை மட்டும் அவசரத்துல என் கண்ணாடியைப் போட்டுட்டு வந்து, எதையோ பார்த்து மணற்கல்லுன்னு உளறிட்டார். அவ்வளவுதான்.”

மனைவி கல்லை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மகள் நெருங்கி வந்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அதுக்கப்புறம் அங்கிள் மறதியில மாசாமாசம் ஒரே கல்லையே கொண்டு வர்றார், அது அவருக்கே தெரியலையேன்னு, எல்லாரும் தவறாம வந்து கை தட்டணும்னு அப்பாதான் ஒவ்வொருத்தருக்கும் போன் பண்றார் ஆன்ட்டி, பாருங்க, இன்னிக்கு அவர் மனசு நோகக் கூடாதுன்னு நெயில் பாலிஷைக்கூட நக்கிட்டு வந்திருக்கார்.”