பெல்ட்டுக்கு மூக்கடைப்பு

ஒரு வாயில்லா ஜீவனின் மூக்கடைப்பை என் சுயநலத்துக்குப் பயன்படுத்தினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை மதியம் மாமனாருக்கு அறுபது வயது விருந்து. எங்கள் கரகண்டா ஊரில் விருந்தென்றால் மைக் மேஜை மேஜையாக வரும். மாப்பிள்ளை வெறும் வாழ்த்தோடு தப்ப முடியாது, பாடியாக வேண்டும். போன தடவை நான் பாடியபோது மைக் வைத்திருந்தவரே அதை அணைத்துவிட்டார். இந்தத் தடவை போவதில்லை என்று சபதமே எடுத்தேன்.

அன்று காலை, பெல்ட் என்று நாங்கள் பேர் வைத்து வளர்க்கும் மலைப்பாம்பு விசிலடித்தது. மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய விசில். கண்ணிரண்டும் பால் ஊற்றியதுபோல் மங்கியிருந்தன. தோல் உரிக்கப்போகிறது, பழைய தோல் மூக்கை அடைக்கிறது, அவ்வளவுதான். ஐந்து வருஷம் வளர்த்தவனுக்கு இது தெரியாதா? ஆனாலும் மனைவி ஜான்சாயாவிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன்.

"பெல்ட்டுக்கு மூச்சு சரியில்ல. நெஞ்சுல சளியா இருக்கும்."

"வாயப் பொளந்துகிட்டு மூச்சு விடுதா?"

"இல்ல."

"கழுத்த மேல நீட்டுதா? எச்சில் நுரையா வருதா? டாக்டர் இந்த மூணுக்குத்தான கவலப்படச் சொன்னாரு."

"எப்ப வேணா வரலாம். ஒருத்தர் கூடவே இருக்கணும்."

அவள் கண்ணாடித் தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடப் பாவமே. நீங்க இருங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இத்தனை சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நானோ சோபாவில் காலை நீட்டிப் படுத்தேன்.

மூன்று மணிக்கு அழைப்பு மணி. திறந்தால் மாமனார் ஒராஸ்பாய். முழங்கால் வலிக்காரர், லிஃப்ட் இல்லாத நாலு மாடி ஏறி வந்திருக்கிறார். கையில் மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த நெஞ்சுக்கறி. பின்னால் ஜான்சாயா. அவளுக்குப் பின்னால் மூன்று மச்சான்கள், ஒருவன் தோளில் தொம்பரா வாத்தியம்.

"விருந்து கெடக்கட்டும் மாப்பிள்ள, புள்ளைக்கு எப்படியிருக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். "என் குதிரைக்கு இப்படி வந்தப்ப மூணு நாள் லாயத்துலயே படுத்திருந்தேன். உங்க மனசு எனக்குத் தெரியும்."

தரையில் உட்கார்ந்து, தொட்டியில் காதை வைத்துக் கேட்டார். அறுபது வயதுக்காரர், தன் விருந்தை விட்டுவிட்டு. எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வருத்தம்தான்.

ஜான்சாயா தொட்டிக்குள் கையை விட்டு முழுசாக உரிந்த தோலை எடுத்தாள். நான் சோபாவில் குறட்டை விட்ட நேரத்தில் பெல்ட் வேலையை முடித்துவிட்டது. இப்போது சத்தமே இல்லை.

"பொழச்சிடுச்சுப்பா," என்றாள் பணிவாக.

"அப்பாடா. அப்ப அந்தப் பாட்டப் பாடிடுங்க மாப்பிள்ள."

"எந்தப் பாட்டு மாமா?"

"எனக்காக நீங்களே எழுதுனதாமே. பாட முடியாமப் போச்சேன்னு அழுதீங்களாம், மக சொன்னா."

நான் ஜான்சாயாவைப் பார்த்தேன். அவள் கறியைத் தட்டில் வைப்பதில் மும்முரமாக இருந்தாள். மச்சான் தொம்பராவை மீட்டத் தொடங்கினான். இல்லாத பாட்டை எடுத்தேன். மேல் சுருதி எட்டவில்லை, எக்கினேன்.

ஜான்சாயா அப்பாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

"வாயப் பொளந்து, கழுத்த நீட்டி, எச்சில் தெறிக்குது பாருங்கப்பா. இதுக்குத்தான் டாக்டர் கவலப்படச் சொன்னாரு."