மிளகாய்ப் பொடி காரணமாக ஒத்திவைக்கப்பட்ட கூட்டம்

"தலைவர் அனைவரையும் வரவேற்றார். சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது மிளகாய்ப் பொடி காரணமாகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது."

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் உள்ள பதிவு இது. மலையாளத்தில் இருப்பதைத் தமிழில் தந்திருக்கிறேன். நாள் என்ற இடத்தில் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. நேரம் இல்லை. (எழுதியிருக்க வேண்டும். மாலை 4.22. என் குறிப்பேட்டில் இருக்கிறது.) என் பெயரும் பதிவில் இல்லை. செயலாளர் பெருந்தன்மையால் விட்டுவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். எழுதும்போது அவருக்குக் கண் தெரிந்திருக்காது என்பது என் கருத்து.

அந்த மிளகாய்ப் பொடி என்னுடையது. அன்று நான் இரண்டு தவறுகள் செய்தேன். ஒன்று பொடியின் அளவு, மற்றது காற்றின் திசை. கொள்கை சரி. அன்றும் சரி, இன்றும் சரி. பதினேழு வீட்டுக்காரர்கள் சேர்ந்து தும்மினார்கள் என்பதற்காக ஓர் உண்மை பொய்யாகிவிடாது.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறது. நான் விலங்கியல் படித்துவிட்டு வந்து அதே கடையில் உட்கார்ந்தேன். மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையே அறிவியல் புத்தகங்கள் படிப்பேன். கொட்டாவி ஏன் ஒட்டிக்கொள்கிறது, விண்மீன் மின்னும்போது கோள் ஏன் மின்னுவதில்லை, திமிங்கலத்தின் முன்னோர் ஏன் கால்களோடு இருந்தார்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். இந்த இரண்டாவது வகையினர்தான் அதிகம். லிப்டில் என்னைக் கண்டால் படியேறிப் போனவர்களை எனக்குத் தெரியும். உடற்பயிற்சி என்று அப்போது நினைத்தேன்.

மொட்டை மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவர் மேல் ஒரு பழைய அலுமினியத் தட்டில் நான் தினமும் மக்காச்சோளம் வைப்பேன். காலையும் மாலையும் பச்சைக் கிளிகள் வரும். வந்த நேரம், எத்தனை கிளி, எத்தனை நிமிடம் இருந்தன என்று மூன்று ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தேன். என் திருமணம் நாகர்கோவிலில் நடந்தது. அன்றுகூட எங்கள் காவலாளி தங்கச்சனுக்குப் போன் செய்து கேட்டுக் குறித்துக்கொண்டேன். தாலி கட்ட ஒன்பது நிமிடம் இருந்தது. (மணவறையில் இருந்தபடி "எத்தனை கிளி?" என்று நான் கேட்டது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அழிக்கச் சொல்லியும் அழிக்கவில்லை.)

திருமணமாகி ஏழாவது மாதம் செயலாளர் சுகுமாரன் சார் எனக்கு ஒரு நோட்டீஸ் எழுதினார். ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. மாடிக்கு மாடி ஏறி நேரில் கொண்டுவந்து கொடுத்தார். தட்டு எலிகளை வரவழைக்கிறது, எலி அவருடைய ஸ்கூட்டரின் வயரைக் கடித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்துக்குள் தட்டை அகற்ற வேண்டும்.

"தட்டுல உள்ளத கிளிதான் சார் தின்னுது," என்றேன்.

"அண்ணாச்சி, கடிச்சது எலி. கடிச்சது எண்டெ வண்டி. நிங்ஙள் கிளியோட கதை பறயுந்நு."

"எலி வராம நான் பண்ணிக் காட்டுறேன். கூட்டத்துலயே காட்டுறேன்."

"எங்ஙனெ?"

"மிளகாய் ஏன் உறைக்குதுன்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா சார்?"

அவர் யோசித்ததில்லை. யோசிக்க விருப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கதவு நிலையில் நான் நின்றுகொண்டிருந்தேன், அவர் உள்ளே மாட்டியிருந்தார்.

மிளகாயின் உறைப்பு செடி தன் விதைக்குப் போட்ட காவல். எலி, அணில், மனிதன் போன்ற பாலூட்டிகள் பழத்தைத் தின்றால் விதையையும் மென்று நாசமாக்கிவிடும். பறவைகள் பொதுவாக விழுங்கி, வேறெங்கோ போய் எச்சத்தோடு போடும். உறைப்பை உணரும் நரம்பு வாசல் பாலூட்டிக்குத் திறக்கும். பறவைக்கும் அந்த வாசல் உண்டு, ஆனால் மிளகாய்க்குத் திறக்காது. ஆகவே தானியத்தில் மிளகாய்ப் பொடி கலந்து வைத்தால் கிளி தின்னும், எலி அண்டாது. (கிளி விதையையும் உடைத்துத் தின்கிற ஜாதி, மிளகாய்ச் செடிக்கு அது உத்தம நண்பன் அல்ல என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வழக்கு என்னுடையது.)

"பகல்ல எலி வராதல்லோ. பின்ன எப்படிக் காட்டுவீங்க?" என்றார் சுகுமாரன் சார்.

"அணில் வரும். அணிலும் எலியும் ஒரே வரிசை, கொறித்துண்ணிகள். அணில் தொடலைன்னா எலியும் தொடாது."

"எலியோட கேஸில அணில் சாட்சி." அவர் பெருமூச்சு விட்டார். "செரி. பத்து மினிட்டு தராம். பின்னே தட்டு போகும். அந்தப் புத்தகமும் போகும்."

புத்தகம் என்றது என் குறிப்பேட்டை. அது என்னைச் சுட்டது. தட்டு போனால் வேறு தட்டு வாங்கலாம். மூன்று ஆண்டுப் பதிவு நடுவில் அறுந்தால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சனிக்கிழமை கடையில் தயாரிப்பு. இருப்பதிலேயே உறைப்பான சரக்கின் சாக்கடியில் தங்கிய தூளையும் விதையையும் நைசாக அரைத்து வாங்கினேன். எண்ணெயில் குழைத்துத் தானியத்தில் புரட்டலாம் என்று ஓரிடத்தில் படித்திருந்தேன். எண்ணெய் கிளியின் இறகில் ஒட்டிக்கொள்ளுமே என்று இரக்கப்பட்டு எண்ணெயைத் தவிர்த்து, பொடியை உலர்வாகவே ஒரு பையில் சோளத்தோடு கலந்தேன். பிறகு ஒரு சிட்டிகையை மூக்கருகே கொண்டுபோய் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

அறிவியலில் ஒருவர் முடிவை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஆகவே கடையில் இருபது வருஷமாக எடை போடும் மாரியப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார்.

"என்ன தம்பி இது, பச்சப் பிள்ளைக்குப் பூசுத பவுடரு மாதிரில்லா இருக்கு."

"காரம் பத்தாதோ?"

"எலி சிரிக்கும்."

இன்னும் மூன்று கை போட்டேன்.

நடந்த பிழை இதுதான். என் மூக்கு பிறந்ததிலிருந்து வத்தல் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த மூக்கு. மாரியப்பன் அண்ணனின் மூக்கும் அதே மூட்டைகளுக்குச் சொந்தம். நாங்கள் இருவரும் ஊரார் மூக்கை அளக்க எங்கள் மூக்கை வைத்தோம். என் மனைவி கவிதா வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பையைப் பார்த்ததுமே தும்மியிருப்பாள், இந்தக் கட்டுரையும் வந்திருக்காது. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டி, நாற்காலிகள் போட்டு, தேநீரும் பழம்பொரியும் (நேந்திரம்பழ பஜ்ஜி) வைத்திருந்தார்கள். நான் மேற்குச் சுவரருகே நின்றேன். கடல் அந்தப் பக்கம். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகும், அந்தக் காற்று மேலே எழும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வீசும், மாலை நாலு மணிக்கு அது நன்றாக இருக்கும். இதை முந்தின நாள்தான் கீழ்வீட்டுக்காரருக்கு, அவர் கேட்காமலே, விளக்கியிருந்தேன்.

சுகுமாரன் சார் சென்ற கூட்ட அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். கிளிகள் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பையைப் பிரித்து, எங்கள் கடையில் தூசி தூற்றுவது போலவே, தோள் உயரத்திலிருந்து தட்டில் கொட்டினேன். அது தொழில் பழக்கம். கையைக் குறை சொல்ல முடியாது.

சோளம் தட்டில் விழுந்தது. பொடி கூட்டத்துக்குப் போயிற்று.

முதலில் தும்மியது சுகுமாரன் சார். "குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்த வகையில்" என்பதோடு அறிக்கை நின்றது. அடுத்துத் தலைவர். பிறகு வரிசையே இல்லை. நாற்காலிகள் சாய்ந்தன. பழம்பொரித் தட்டு கவிழ்ந்து துண்டுகள் தரையெல்லாம் சிதறின. எல்லாரும் ஒரே நேரத்தில் மாடிப்படிக் கதவைத் தேடினார்கள். கதவு ஒருவர் போகும் அகலம். கண்ணை மூடிக்கொண்டு தேடியதால் இரண்டு பேர் தண்ணீர்த் தொட்டியைத் திறக்கப் பார்த்தார்கள்.

நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். எனக்கு ஒன்றும் இல்லை. உதவ நினைத்து உரக்கச் சொன்னேன். "தண்ணி குடிக்காதீங்க. அது தண்ணில கரையாது. கொழுப்புலதான் கரையும். தயிர் குடிங்க."

மாடியில் தயிர் இல்லை என்பதை அப்போது யாரோ கெட்ட மலையாளத்தில் தெரிவித்தார்கள்.

"இவனுக்கு மாத்திரம் ஒண்ணும் இல்ல," என்று இருமலுக்கு நடுவே தலைவர் சொன்னது கேட்டது. "முன்கூட்டித் திட்டம் போட்டதாணு."

நாலு இருபத்தொன்பதுக்கு மாடி காலி. நாலு முப்பத்தொன்றுக்குக் கிளிகள் வந்தன.

பதினொரு கிளிகள். சுவரில் இறங்கி, வழக்கம் போல ஒன்றையொன்று திட்டிக்கொண்டு, சிவப்பேறிய சோளத்தை நிதானமாகத் தின்றன. ஒன்றும் தும்மவில்லை. ஒன்றும் தலையை உதறவில்லை. பரிணாமம் கோடானுகோடி ஆண்டுகளில் செய்த ஏற்பாடு என் கண்ணெதிரே அலுமினியத் தட்டில் நடந்துகொண்டிருந்தது. பதினேழு வீட்டுக்காரர்களில் கண் திறந்திருந்த சாட்சி ஒருவரும் இல்லை. நான் படிக்கதவுக்கு ஓடி, "வாங்க, வந்து பாருங்க, தின்னுது," என்று கீழே கூப்பிட்டேன். கீழிருந்து வந்த பதிலை எழுதவேண்டியதில்லை.

கவிதா ஐந்து மணிக்கு வந்து இறங்கியபோது, கீழ்த்தளக் குழாயடியில் குடியிருப்பே முகம் கழுவிக்கொண்டிருந்ததாம். தங்கச்சனிடம், "என்ன, கேஸ் லீக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அல்ல சேச்சி. அண்ணாச்சியோட சயன்ஸு."

அவள் மாடிக்கு வந்து, மூன்று முறை தும்மி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் செய்யலியா?"

"இல்ல."

"கிளிக்கும் ஒண்ணும் செய்யல."

"செய்யல. அதைத்தான் நான்..."

"மத்த பாலூட்டி எல்லாம் கீழ நின்னு மூஞ்சி கழுவுதாவ. அப்போ நீங்க என்ன?"

என் மூக்கு மரத்தது பழக்கத்தால், ஓயாமல் தூண்டினால் நரம்பு சலித்துப்போகும், இது ஒரு பிறவியில் வருவது, பரிணாமம் வேறு என்று விளக்கத் தொடங்கினேன். அவள் கீழே போய் ஒவ்வொரு வீட்டுக்கதவையும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நானும் போனேன். பதினேழு வீட்டுக்கும் தயிர்ப் பாக்கெட்டும் கைப்பட எழுதிய இரண்டு பக்கக் கடிதமும் கொடுத்தேன். கண் எரிந்ததற்கு வருந்தினேன். கொள்கைக்கு வருந்தவில்லை. கடிதத்தில் அதை அடிக்கோடிட்டிருந்தேன்.

ஒத்திவைத்த கூட்டம் அடுத்த ஞாயிறு, காற்றே வராத கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. என்னைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். மொட்டை மாடியில் தானியமோ வேறு உணவுப் பொருளோ யாரும் பரப்பக்கூடாது என்று சுகுமாரன் சார் தீர்மானம் கொண்டுவந்தார். கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. அப்போது பின்வரிசையிலிருந்து அவருடைய மனைவியே எழுந்தார்.

"அப்போ எண்டெ பாவக்கா எவிடெயா உணக்குறது? மோர் மிளகு? மாங்கா?"

சுகுமாரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். ஐந்து நிமிடத்தில் தீர்மானம் திருத்தப்பட்டது: மனிதர் உண்ணும் பொருள்களைக் காயவைக்கத் தடையில்லை.

நான் கையைத் தூக்கினேன். "மக்காச்சோளம் மனிதர் உண்ணும் பொருள். நான் அதை மேற்குச் சுவரில் காயவைக்கிறேன். பதிவு செய்யணும்."

"கிளி வந்து தின்னாலோ?"

"உங்க மோர் மிளகாயைக் காக்கா தூக்கிட்டுப் போனா சங்கம் காக்காவுக்கு நோட்டீஸ் குடுக்குமா சார்?"

யாரோ சிரித்தார்கள். சுகுமாரன் சாரின் மனைவிதான் முடித்துவைத்தார். "எலி இருட்டினா பின்னயல்லே வரும். ஆறு மணிக்கு அண்ணாச்சி தட்டை எடுத்து உள்ள வெச்சா போதும்."

அவ்வளவுதான். மிளகாய் வேண்டாம், நரம்பு வாசல் வேண்டாம், அணில் சாட்சி வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க விலங்கியல் பட்டம் தேவையில்லை என்று கவிதா வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். தீர்வு எளிது என்பதால் என் கொள்கை தவறாகிவிடவில்லை என்று நான் சொன்னேன். அந்த உரையாடல் இன்னும் முடியவில்லை.

தட்டு இன்றும் இருக்கிறது. பதிவும் அறுபடவில்லை, இப்போது ஐந்தாவது குறிப்பேடு நடக்கிறது. ஆனால் நாகர்கோவில் சொந்தத்தில் என் பெயர் போய்விட்டது. விருந்தில் குழம்பு உறைத்தால், "மாப்பிள்ளைக்கு ஊத்துங்க, அவரு பறவை வகை," என்கிறார்கள். என் மாமனார் திருமண அழைப்பிதழ் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, "குடும்பத்தோட பறந்து வந்திருங்க," என்றார். முகம் மாறவேயில்லை.

ஒரே ஒரு குறை. அந்த ஞாயிற்றுக்கிழமை அணிலும் வந்தது. கிளிகள் வந்த நேரத்தை எழுத நான் குனிந்தேன். எண்ணி எட்டு நொடி. நிமிர்ந்தபோது அது சுவர் மேல் உட்கார்ந்து முன்னங்கால்களில் எதையோ பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. சிவப்புப் பொடி படிந்த மஞ்சள் துண்டு. மாடியில் அன்று எல்லாமே சிவப்புப் பொடி படிந்துதான் கிடந்தது. தட்டில் எடுத்த சோளமாக இருந்தால் என் கொள்கை ஆட்டம் காணும். தரையில் பொறுக்கிய பழம்பொரி என்றாலும் பொடி பொடிதான், ஆனால் குறைவு. குறிப்பேட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: "அணில் 1. தின்றது. என்னவென்று தெரியவில்லை." இது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.