சீட்டு நகல்தானே, சம்பந்தி!

எலவனாசூர்கோட்டை,
டிசம்பர் 2020

மதிப்பிற்குரிய சம்பந்தி பிச்சைமுத்து அவர்களுக்கு, தனசேகரன் தலை குனிந்து எழுதுவது. இங்கே நானும் பெரியநாயகியும் மகள் மணிமொழியும் சுகம். களமருதூரில் உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் பஸ் நின்றுபோய், குடும்பத்தோடு விழுப்புரத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்தவர் சொந்த வீடு தெரியாமல் தெருக்கோடி வரை போய்விட்டீர்களாமே. வெள்ளை வீடு ரோஸ் ஆகிக் கிடந்தால் யாருக்குத்தான் தெரியும்? கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். மணிமொழி காலேஜ் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஜாவா பாடம் எடுக்கிறாள். வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்து நானும் கேட்பேன். அன்றைக்கு இளவெயில். தூரத்தில் கல்வராயன் மலை மேகத்தோடு மேகமாக நின்றது. "வேலை செய்யற மெத்தடுக்கு ஆப்ஜெக்டையே தூக்கிக் குடுக்கறதில்ல. ஆப்ஜெக்ட் ஒரு வூடுன்னு வெச்சிக்கோங்க. வூட்டு விலாசம் எழுதின சீட்டுக்கு ஒரு நகல் எடுத்து, அதத்தான் குடுக்கறோம்" என்றாள். எனக்குக் கண் சொருகியது. வேப்பிலையெல்லாம் விலாசச் சீட்டாக உதிர்ந்தது, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீடு, வாசலில் கோலம், உள்ளே மணிமொழியின் சிரிப்பு. நகல்தானே போகிறது, அசலுக்கு ஆபத்தில்லை என்ற நிம்மதியில் தூங்கிவிட்டேன்.

பெயிண்டர் பாவாடை வந்து எழுப்பினார். உங்கள் வீட்டைப் பார்த்து அதே மாதிரி எங்கள் வீட்டுக்கு அடிக்கட்டும் என்று, உங்கள் விலாசத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். "இன்னாங்க, இந்த வூட்டுக்கா?" என்றார். "நகல்தானப்பா, தைரியமா செய்யி" என்றேன் தூக்கக் கலக்கத்தில். மனிதர் சைக்கிளிலேயே போய்விட்டார். பூட்டிய வீடு, கேட்பாரில்லை, அடித்துவிட்டார். ரோஸ் எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"நகலைத்தானேம்மா குடுத்தேன், அசல் வூடு எப்டி மாறுச்சி?" என்று மகளிடம் கேட்டேன். "சீட்டுக்குத்தாம்பா நகல், வூட்டுக்கு இல்ல. எந்தச் சீட்ட வெச்சிக்கினு போனாலும் அதே வூடுதான்" என்றாள்.

இனி பயமில்லை சம்பந்தி. என் கையிலிருக்கும் சீட்டில் உங்கள் விலாசத்தை அடித்துவிட்டு என் விலாசத்தை எழுதிவிட்டேன். பாவாடை உங்கள் தெருவையே எட்டிப் பார்க்க மாட்டார். வேறு ஆளை வைத்து வெள்ளையே அடித்துத் தருகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள், பிள்ளைகளை மட்டும் பிரித்துவிடாதீர்கள். ராணியம்மாள் தங்கச்சிக்கு என் கும்பிடு. மாப்பிள்ளை பிரவீன்குமார் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
தனசேகரன்

பின்குறிப்பு: இதைப் படித்த மணிமொழி தலையில் அடித்துக்கொண்டாள். "உன் சீட்ட மாத்தினா பாவாடை கையில இருக்கற சீட்டு எப்டிப்பா மாறும்? பாடத்துல நீ தூங்கிப்போன பாதி அதான்." பாவாடை காலையிலேயே இரண்டாவது கோட் அடிக்க வாளியோடு உங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டாராம். தடுக்க ஓடலாம் என்று செருப்பை மாட்டினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடுப்பா. கலர் இன்னான்னு அவரு என்னத்தான் கேட்டாரு. சீட்டுல யாரு வூடுன்னு பார்த்துட்டுத்தான் ரோஸ் சொன்னேன். நான் போய் இருக்கப்போற வூடுதானே."

சம்பந்தி, மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாவாடை வந்தால் ஏணியை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.