பல் டாக்டர் வரைந்த நிலா

இந்த வருஷம் மச்சானை இறக்கியே தீருவது என்று பல் டாக்டர் சபதம் செய்தார்.

மச்சான் என்றால் ஆள் இல்லை, படம். கூடத்துச் சுவரின் ஒரே ஆணியில், கேரம் கோப்பையோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் மனைவியின் அண்ணன். அத்தனை பல்லில் ஒன்றைக்கூட இதுவரை இவரிடம் காட்டியதில்லை. அந்த வயிற்றெரிச்சல் வேறு.

"ஆயில் பெயின்ட்ல நானே ஒரு கடல் வரையப்போறேன். நிலா வெளிச்சத்துல. அந்த ஆணியிலதான் மாட்டுவேன்."

சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னார். மனைவியோ, "தாராளமா மாட்டுங்க. முதல்ல காயட்டும். சோபாவுல ஒட்டிச்சுன்னா யார் துடைக்கிறது?" என்றாள்.

வரைந்தார். வீடெல்லாம் டர்பன்டைன் வாடை. சொத்தைப் பல்லை அடைத்தே பழகிய கை, நிலாவையும் அடைத்துவிட்டது. வீங்கின கன்னம் மாதிரிப் புடைத்து நின்றது. அது லேசில் காயுமா? ஜன்னலோரம் சாய்த்துவைத்து, போகும்போதும் வரும்போதும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஒருவழியாகக் காய்ந்தது. ஸ்டூலோடு கூடத்துக்கு வந்தார். மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அசத்திட்டீங்க! அப்படியே ஆளை உள்ள இழுக்குது. ஆமா... நிலா இந்தப் பக்கம் இருக்கு, தண்ணியில பளபளப்பு அந்தப் பக்கம் இருக்கே?"

"எங்க?"

"அட, விடுங்க. யாரு கவனிக்கப்போறாங்க."

விடுகிற ஆளா அவர்? பளபளப்பை நகர்த்தினார். மறுபடி ஈரம். மறுபடி ஜன்னலோரம்.

அடுத்த தடவை, "ஏங்க, படகு பாவம், ஆளில்லாமலா போகுது?" ஆள் ஏறினான். அதற்கடுத்த தடவை, "அவன் கையில துடுப்பு?"

ஒருநாள் கிளினிக்கிலிருந்து சீக்கிரமே திரும்பியவர் காதில், சமையலறைப் போன் பேச்சு விழுந்தது.

"கவலைப்படாத அண்ணா. உன் படம் ஆணியை விட்டு அசையாது. ஒரு பல்லையாவது இவரு ஒரே தடவையில முடிச்சு அனுப்பியிருக்காரா? இன்னிக்குக் காஞ்சிடுச்சு போல. வந்ததும் அலையில நுரை கம்மின்னு சொல்லணும்."

அடிப்பாவி! இனி பிரஷ்ஷைத் தொட்டால் பேரை மாற்றிக்கொள்வது என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கடலைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மச்சான் சிரித்தார். 'சிரிடா, சிரி' என்றபடி கடலைக் கை நீட்டிப் பிடித்து, ஆசையாக ஒருமுறை பார்த்தார்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு மெல்ல இறங்கி, சீட்டியடித்துக்கொண்டே வெள்ளைப் பெயின்ட்டைத் தேடப் போனார்.

யோசித்துப் பார்த்தால், நுரை கம்மிதான்.